பரணா, பத்திரமா, கப்பலா? காசில்லாமல் பூர்வீகம் தேட எதில் தொடங்குவது

“அண்ணே, நம்ம வம்சாவளியை எழுதி வைக்கணும். பைசா செலவில்லாம எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?” என்று சித்தப்பா மகள் போனில் கேட்டாள். எங்கள் பூட்டன் பெயர் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பூட்டி பெயர் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

நான் இதில் ஏற்கெனவே சூடுபட்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வருடச் சந்தா கட்டிப் பூட்டன் பெயரைத் தட்டினேன். அதே பெயரில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. பரம்பரையாக ஒரே குடும்பப் பெயரைச் சுமக்கிறவர்களுக்காகக் கட்டிய தேடல் அது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை அதையும் மாற்றிக்கொண்டு போகிற நாம் அதன் கையில் சிக்க மாட்டோம்.

அதனால் எந்தத் தளம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: நம் ஆள் எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்? காணி வாங்கினாரா, கப்பல் ஏறினாரா, ஞானஸ்நானம் பெற்றாரா, பட்டாளத்துக்குப் போனாரா? அல்லது எதிலும் படாமல் உழைத்துவிட்டுப் போனாரா? இதற்குக் கிடைக்கும் பதில்தான் இலவச வழிகளில் எது உங்களுக்கு உதவும் என்பதை முடிவு செய்கிறது.

எப்படியானாலும் பரண்தான் முதலில். இது உணர்ச்சிக்காகச் சொல்வதல்ல. மற்ற ஆவணங்கள் அடுத்த வருடமும் இருக்கும். பெரியத்தையின் ஞாபகமும் பரண்மேல் கரையான் அரிக்கிற காகிதமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பரணில் கிடைப்பவற்றில் மொய் நோட்டுக்கு ஈடு எதுவும் இல்லை என்பேன். பிள்ளையார் சுழி போட்டு, விசேஷத்தின் தேதி எழுதி, ஊர்ப்பெயரும் ஆள் பெயரும் தொகையுமாகப் பக்கம் பக்கமாகப் போகும். 1968 கல்யாணத்தில் அஞ்சு ரூபாய் எழுதியவர் யார் என்பது முக்கியமில்லை. நமக்குத் தொடர்பே இல்லை என்று நினைத்த ஓர் ஊரிலிருந்து நாலு குடும்பம் வந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் ஒரு பாட்டியின் பிறந்த ஊராக இருக்கும். இப்படித்தான் எனக்கு ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர் ஒன்று தெரியவந்தது. ஆனால் அங்கேயும் புருஷன் பெயரில்தான் மொய் எழுதியிருக்கிறார்கள். பெண்கள் அந்த நோட்டில் வந்தும் வராதவர்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளும் அதே மாதிரி. “தங்கள் நல்வரவை விரும்பும்” என்பதற்குக் கீழே வரும் பெயர்ப் பட்டியல் பங்காளி வீடுகளின் கணக்கேதான்.

ஜாதக நோட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம், கூடவே ஒரு வில்லங்கம். “பார்த்திப வருஷம் ஐப்பசி மாதம்” என்று எழுதியிருக்கும். அறுபது வருடச் சுற்றில் பார்த்திப 1945-46 ஆகவும் இருக்கலாம், 1885-86 ஆகவும் இருக்கலாம். தாத்தாவுடையது என்று நினைத்து எடுத்த ஜாதகம் அவருடைய தாத்தாவுடையதாக இருக்கக் கூடும். பெயரை வைத்தும் பிரிக்க முடியாது, ஏனென்றால் பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்திருப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. இரண்டாவதாக ஒரு காகிதம் வந்து உறுதி சொல்லும்வரை எந்த வருடத்தையும் பேனாவால் எழுத வேண்டாம், பென்சில் போதும்.

குலசாமி கோயிலையும் பரணோடு சேர்த்துக்கொள்ளலாம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிற நோட்டில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பழைய நோட்டுகள் பூசாரி வீட்டிலோ கணக்குப் பார்த்தவர் வீட்டிலோ இருக்கும், ஒரு நாள் போய் உட்கார்ந்தால் காட்டுவார்கள். நகரத்தார் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள், கல்யாணம் ஆனதும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி ஏறிவிடும். அந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்றால் மற்ற வழிகளையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

காணி இருந்தவர்களுக்கு

இங்கே இரண்டு இலவச வழிகள் இருக்கின்றன, இரண்டும் அரசு இணையதளங்கள். ஒன்று வருவாய்த்துறையின் பட்டா, சிட்டா, அ-பதிவேடு. இன்னொன்று பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று, ஊர் பாஷையில் ஈசி. இவற்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் ஈசியைப் பாருங்கள்.

பட்டாவில் பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் இருக்கும். அதற்கும் மதிப்பில்லாமல் இல்லை. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் ஏறியவர் அப்போது எழுபது வயதுக்காரர் என்றால், அவர் 1910-களில் பிறந்தவர், தகப்பனார் அதற்கு முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்தவராக இருக்கலாம். செத்துப்போன தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிற சோம்பேறிக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சௌகரியம். பெயர் மாற்றாமல் விட்டது இன்றைக்கு ஆதாரமாக நிற்கிறது.

ஈசி அப்படியில்லை, கதையே சொல்லும். சர்வே எண்ணைக் கொடுத்தால் அந்த நிலத்தில் நடந்த பதிவுகள் எல்லாம் வரிசையாக வரும். விற்பனையைத் தள்ளிவிட்டு மூன்று வகைப் பத்திரங்களைத் தேடுங்கள்: பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம். சொத்தைப் பிரிக்கும்போது அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் வந்தாக வேண்டும். அக்கா தங்கைகள் பங்கை விட்டுக்கொடுக்கும்போதுதான் பல குடும்பங்களில் பெண் பெயர் முதல்முறையாகக் காகிதம் ஏறியிருக்கிறது, அதுவும் இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவதற்காக. கசப்பான விஷயம்தான், தேடுகிறவருக்கு மட்டும் உதவி.

இணையத்தில் ஈசியைப் பார்ப்பதற்குக் காசில்லை. கணினியில் ஏற்றிய விவரங்கள் பொதுவாக 1975-இல் இருந்து வருகின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடல் கட்டணம் கட்ட வேண்டும். முழுப் பத்திரத்தின் நகலுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் ஈசியில் பத்திர எண்ணையும் வருடத்தையும் கண்டுகொண்டு போனால் தேவையான ஒரே நகலோடு வேலை முடியும். எதுவும் தெரியாமல் போய் நின்றால் தேடல் கட்டணம் வருடக் கணக்கில் ஏறும்.

காணி இல்லாதவர்களுக்கு

பூர்வீகத் தேடல் பற்றி எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இது. கூலி வேலை செய்தவருக்குப் பத்திரம் ஏது?

2025 இறுதியில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்தபோது 2002, 2005 பட்டியல்களைத் தேர்தல் அலுவலகம் இணையத்தில் ஏற்றியது. ஊரே பெயர் சரிபார்க்க அலைந்துகொண்டிருந்த நேரத்தில் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அது ஒரு சின்னப் புதையல். வீட்டு எண், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அதில் இருக்கும். 2002-இல் எண்பது வயது என்றிருந்தால் 1922-வாக்கில் பிறந்தவர், அவருக்கு மேலே ஒரு தலைமுறையின் பெயரும் பக்கத்திலேயே. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு எல்லோருக்கும் உண்டு என்பதால் இந்த ஆவணத்தில் ஏழை பணக்காரன் பேதம் கிடையாது. வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், சும்மா ஐந்து, பத்தாக முழுசாக்கிச் சொல்லியிருப்பார்கள். கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் பெயர்தான் இருக்கும், அங்கே நூல் அறுந்துவிடும்.

பிறப்பு இறப்புப் பதிவைப் பொறுத்தவரை சென்னைக்காரர்களுக்கு யோகம். மாநகராட்சித் தளத்தில் தேடிச் சான்றிதழைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கிராமத்தில் பிறந்தவருக்குப் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அதைவிடப் பிரயோசனம். தலைமை ஆசிரியர் நல்ல மனநிலையில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களுக்கு

ஃபேமிலிசர்ச் என்ற தளத்தை எல்லோரும் முதலில் சொல்வார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் மார்மன் திருச்சபை நடத்துவது, 1894-இல் தொடங்கிய ஒரு வம்சாவளிச் சங்கம் அதன் வேர். கணக்குத் தொடங்கவும் தேடவும் காசில்லை. இந்தியாவுக்கென்று 1786 முதல் 1947 வரையான பிறப்பு, ஞானஸ்நானக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. ஆனால் அது தேவாலயப் பதிவுகளிலிருந்து வந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் நிறைய, நம் கிறிஸ்தவர்கள் ஓரளவு. அய்யனார் கும்பிட்டவர் வாரிசுக்கு அங்கே வேலை குறைவு. அந்தத் தளத்தின் பொது மரத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், அதில் இருப்பதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் இலவசத் தேடல் அதைவிட நெருக்கமாக இருக்கும்.

என் கட்சி, கணினியை மூடிவிட்டுப் பங்குக் கோயிலுக்குப் போவதுதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா பெயரோடு அம்மா பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அது பட்டாவையும் ஈசியையும் தோற்கடித்துவிடுகிறது. பழைய ஏடுகளில் பெயர்களை லத்தீன் வடிவத்தில் எழுதியிருக்கலாம். வீட்டில் ராயப்பன் என்றால் பேதுரு, அருளப்பன் என்றால் யோவான், சின்னப்பன் என்றால் பவுல் என்று மாற்றிப் படிக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கண்முன்னே இருக்கிற தாத்தாவைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குத் தனி வழி உண்டு. பிரெஞ்சு அரசின் கடல்கடந்த ஆவணக் காப்பகம், எக்ஸான் ப்ரோவான்ஸ் நகரில் இருப்பது, பழைய பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவேடுகளைப் படமாகவே இலவசமாகக் காட்டுகிறது. 1881 ஆணைக்குப் பின் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கையெழுத்துப் பிரெஞ்சைப் படிக்கப் பொறுமை வேண்டும், அதுதான் கட்டணம்.

கடல் தாண்டியவர்கள்

இங்கேதான் வழிகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எந்த நாட்டுக்குப் போனார் என்பதைவிட எந்த முறையில் போனார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்கு எண் உண்டு. சென்னையிலிருந்து 1860 அக்டோபர் 12 அன்று புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் தர்பன் சேர்ந்தது. 1911 வரை தர்பன் இருக்கும் நேட்டாலுக்கு மொத்தம் 1,52,184 பேர் போனார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பட்டியல் எழுதினார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களைத் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் எண்மமாக்கியிருக்கிறது. ஊர்ப் பத்திரங்களில் காணாமல் போன பெண், இந்தப் பட்டியலில் தன் சொந்த எண்ணோடு, தன் தகப்பன் பெயரோடு நிற்கிறாள். அடிமைத்தனத்துக்குப் பக்கத்து வீட்டு முறை அது, ஆனால் பெண் பெயரை எழுதுவதில் நம் கர்ணத்தைவிட ஒழுங்காக இருந்திருக்கிறது.

இங்கிருந்து போய்த் திரும்பாத ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் ஆள் பெயரைத் தட்டாதீர்கள். காளிமுத்துவை அந்தக் குமாஸ்தா எந்த எழுத்தில் எழுதினான் என்று யாருக்குத் தெரியும்? தஞ்சாவூரை டாஞ்சூர் என்றும் திருச்சியை டிரிச்சினாப்பொலி என்றும் பழைய ஸ்பெல்லிங்கில் தட்டி, ஜில்லாவையும் தாலுகாவையும் வைத்து வடிகட்டி, அதற்குள் ஊரைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தப் பக்கம் தேடுகிறவர்களுக்கு வேலை சுலபம், பழைய குடும்பச் சான்றிதழ்களில் எண் இருக்கும்.

ஃபிஜிக்கு 1879-இல் தொடங்கிய ஒப்பந்தக் குடியேற்றத்தில் தெற்கிலிருந்து ஆட்கள் போனது 1903 முதல். அவர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு உண்டு. மொரீஷியஸுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள், சிலருக்குப் புகைப்படம்கூட இருக்கிறது.

கங்காணியோடு போனவருக்கு இந்த வசதி கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிதான் ஊரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு போனார். முன்பணம் அவர் கையில், கணக்கும் அவர் கையில். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், பெயர் இருந்திருக்கும், ஆனால் நேட்டால் பட்டியல்போல் உட்கார்ந்த இடத்தில் தேட அது கிடைக்காது. ஆகவே இலங்கைத் தோட்டத்துக்குப் போன தாத்தாவுக்காக இணையத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆனது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கிறதா என்று நீலகிரியில் கூடலூர் பக்கம் உள்ள உறவினரைக் கேளுங்கள். மறுபடியும் பரண்தான்.

யாழ்ப்பாணக் குடும்பங்களின் கதை வேறு. அங்கே ஒருவர் இறந்தால் நினைவு மலர் அச்சிடுவார்கள், கல்வெட்டு என்றும் சொல்வதுண்டு. அதில் பலமுறை வம்சாவளியே மரமாகப் போட்டிருக்கும். 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் அப்படிப்பட்ட மலர்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன, முழுவதும் இலவசம், தமிழிலேயே தேடலாம். தமிழர்களில் இவ்வளவு தயாராக வம்சாவளி கிடைப்பது இவர்களுக்குத்தான் என்று நினைக்கிறேன், கொஞ்சம் பொறாமையோடு. சிங்கப்பூர் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் இருக்கிறது. தமிழ் முரசும் ஆங்கில இதழ்களும் இலவசம், மரண அறிவித்தல்களில் தொடங்குங்கள்.

பட்டாளத்தில் செத்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். இரண்டு உலகப் போர்களிலும் மாண்டவர்களின் பட்டியல், காசில்லாமல் தேடலாம். இந்தியச் சிப்பாய்களுக்கும் பல இடங்களில் இன்னாருடைய மகன், இந்த ஊர், இந்த ஜில்லா, மனைவி பெயர் இன்னது என்று குறிப்பு இருக்கும். ரங்கூனுக்கு அருகில் தௌக்யான் கல்லறையில் உள்ள நினைவுச் சின்னத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். உயிரோடு திரும்பியவருக்கு இந்தத் தளத்தில் ஒன்றும் இருக்காது. சயாம் மரண ரயில் பாதையில் 1942-43-இல் ஜப்பானியர் கொண்டுபோன மலாயாத் தமிழர்களைத் தேடியும் இங்கே வராதீர்கள். அதே பாதையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயரோடு கல்லறை இருக்கிறது. தமிழ்க் கூலிகள் பட்டாளத்தார் இல்லை என்பதால் இந்தப் பட்டியலிலும் இல்லை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் கடைசியில் வைத்தேன். இனாம் பதிவேடுகள், பழைய ஜில்லா ஆவணங்கள் எல்லாம் பொக்கிஷம்தான். ஆனால் அனுமதி வாங்கிப் போய், எந்த ஜில்லா, எந்த வருடம், எந்தப் பதிவேடு என்று கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும். எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம், பக்கத்திலிருக்கும் அறந்தாங்கியோ பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா. ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியாமல் போனால் சென்னைக்குப் பஸ் செலவுதான் மிச்சம்.

இவ்வளவையும் தங்கச்சியிடம் சொன்னேன். நிலம் இருந்த குடும்பம் என்பதால் பரண் முதலில், ஈசி இரண்டாவது, மற்றதெல்லாம் அப்புறம் என்று முடிவானது. பத்து நாளில் ஈசியில் ஒரு பாகப்பிரிவினையைப் பிடித்துவிட்டாள். நகல் வாங்கிப் பார்த்தால் பூட்டன் பெயர், மூன்று மகன்கள் பெயர், நாலு எல்லை, ஒரு புளியமரம்கூட இருந்தது. பூட்டியை “மேற்படியாரின் காலஞ்சென்ற மனைவி” என்று எழுதி முடித்திருந்தார்கள்.

அவள் ஓய்ந்துபோனாள். பேச்சு எங்கள் பெரியத்தை பக்கம் திரும்பியது. எண்பது தாண்டியவர், ஊரே அவரைப் பெரியபுள்ள என்றுதான் கூப்பிடும். ஏன் அப்படி என்று கேட்டால் அத்தையே சிரித்தபடி சொல்வார்: “எங்க ஆத்தா என் பேரைச் சொல்லாது. மாமியா பேரை எப்படிச் சொல்லும்?”

நான் இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. தலைச்சன் பேத்திக்குப் பாட்டி பெயரை வைத்துவிட்டு, மருமகள் வாயால் அதைச் சொல்லக் கூடாது என்று செல்லப்பெயரால் மூடி வைத்திருக்கிறார்கள்.

“அத்தையோட ரேஷன் கார்டை எடுத்துட்டு வா” என்றேன்.